புனிதர் என்று அறிவிப்பவர் யார்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

விசுவாசத்துக்காக உயிர்விட்ட மறைசாட்சி தேவசகாயத்தின் புனிதர் பட்டத்தைப் பற்றி இப்பகுதியில் எழுதியதைத் தொடர்ந்து, கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையினர், கேரளத்து மலங்கரைச் சபையோடு உறவுள்ளோர் எனப் பலரும் கேள்விகள் அனுப்பியிருக்கிறார்கள். அவை ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதால் ஒரே இதழில் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: பதுவை அந்தோனியார் இறந்து ஓராண்டு முடிவதற்குள் புனிதராகிவிட்டார் என்று படித்தேன். தேவசகாயம் 1752-இல் கொல்லப்பட்டவர். 2022-இல்தான் அவருக்குப் பட்டம் கிடைத்தது. எங்கள் ஊர் மக்கள் தலைமுறை தலைமுறையாக அவரை நம்பி வந்திருக்கும்போது, ரோமாபுரிக்கு மட்டும் ஏன் 270 ஆண்டுகள் ஆயின? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: நீங்கள் படித்தது சரியே. அந்தோனியார் 1231 ஜூன் 13-இல் இறந்தார். 1232 மே 30-இல் திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரி அவரைப் புனிதராக அறிவித்தார். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் இடைப்பட்ட நூற்றாண்டுகளில் மாறிய சட்டங்களில் இருக்கிறது. அதைச் சொல்லத் தொடக்க காலத்துக்கே போக வேண்டியிருக்கிறது.

இன்றைய துருக்கியில் உள்ள ஸ்மிர்னா நகரின் ஆயர் போலிகார்ப்பு இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டார். அவருடைய சபையார் எலும்புகளைப் பொறுக்கியெடுத்து, விலையுயர்ந்த மணிகளைவிட மேலானவை என்று போற்றி, தகுந்த ஓரிடத்தில் வைத்தார்கள். அவர் மறைசாட்சியான நாளை அவருடைய பிறந்த நாளாகக் கருதி ஆண்டுதோறும் அங்கே கூடுவோம் என்று வேறொரு சபைக்குக் கடிதமும் எழுதினார்கள். அதற்காக அவர்கள் எவரிடமும் அனுமதி கேட்கவில்லை. கண்ணெதிரே உயிர்விட்டவரைப் பற்றி ஊரார் கொண்ட உறுதியே அன்றைக்குப் போதுமானதாக இருந்தது.

அந்தக் கல்லறைகளைச் சுற்றி வேண்டுதலின் திசையும் மாறியது. இறந்தவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காகச் சபை வேண்டுவது வழக்கம். ஆனால் மறைசாட்சிக்காக அப்படி வேண்டுவது அவருக்குச் செய்யும் அவமதிப்பு என்றும், நாம்தான் அவருடைய வேண்டுதலுக்கு நம்மை ஒப்படைக்க வேண்டும் என்றும் ஹிப்போ நகர ஆயர் அகுஸ்தீனார் தம் மறையுரை ஒன்றில் சொன்னார். புனிதர் பட்டத்தின் சாரம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து. ஒருவருக்காக வேண்டுவதை நிறுத்திவிட்டு, நமக்காக வேண்டும்படி அவரிடம் கேட்கலாம் என்று முடிவுசெய்யும் உரிமை யாருக்கு உண்டு என்பதில்தான் சபைகள் வேறுபடுகின்றன. சீர்திருத்தச் சபைகள் அப்படிக் கேட்பதையே ஏற்பதில்லை.

மேற்கில் அந்த உரிமை ஊர்ச் சபையிடமிருந்து ஆயருக்கும், ஆயரிடமிருந்து திருத்தந்தைக்கும் படிப்படியாகச் சென்றது. திருத்தந்தை ஒருவர் முறைப்படி புனிதர் என்று அறிவித்ததாக நமக்குத் தெரிந்த முதல் நிகழ்ச்சி, 993-இல் பதினைந்தாம் யோவான் ஆக்ஸ்பர்க் ஆயர் உல்ரிக்கை அறிவித்ததுதான். 1234-இல் ஒன்பதாம் கிரகோரி வெளியிட்ட சட்டத்தொகுப்பு அந்த உரிமை திருத்தந்தைக்கு மட்டுமே உரியது என்று வரையறுத்தது. 1588-இல் ஐந்தாம் சிக்ஸ்துஸ் வழிபாட்டையும் புனிதர் பட்ட வழக்குகளையும் கவனிக்கப் பேராயம் எனப்படும் வத்திக்கான் துறை ஒன்றை நிறுவினார். பிறகு எட்டாம் உர்பான் 1634-இல் இட்ட கட்டளைதான் தேவசகாயத்தின் வழக்கை நேரடியாகத் தொடுகிறது. ரோமாபுரியின் ஒப்புதல் பெறாத எவருக்கும் பொது வணக்கம் செலுத்தக் கூடாது, அவர் படத்துக்கு ஒளிவட்டம் வரையக் கூடாது, பீடத்தில் வைக்கக் கூடாது என்பது அந்தக் கட்டளை. அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே இடைவிடாது வணங்கப்பட்டு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆகவே 1752-இல் உயிர்விட்ட ஒருவரின் பெயரில் ஊரார் பொது வணக்கம் நடத்தியிருந்தால், அது அவர் வழக்குக்கு வலுச் சேர்த்திருக்காது, தடையாகவே ஆகியிருக்கும். ஆரல்வாய்மொழி காற்றாடிமலையிலும் கோட்டாறு சவேரியார் பேராலயத்துக் கல்லறையிலும் மக்கள் தனிப்பட்ட முறையில் செபித்து வந்ததைத் திருச்சபை தடுக்கவில்லை. அதே சமயம் அதை ஒப்புதலாகவும் எடுத்துக்கொள்ளவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. புனிதர் பட்ட வழக்கை யாராவது ஒருவர் முன்னின்று நடத்த வேண்டும். பழைய கடிதங்களைத் தேடி, சாட்சியங்களைப் பதிவுசெய்து, ரோமாபுரியில் வேண்டுகையாளர் ஒருவரை அமர்த்தி, பல ஆண்டுகள் விடாமல் தொடர வேண்டும். துறவற சபையினருக்கு ஆவணக் காப்பகமும் ஆட்களும் இருக்கிறார்கள். 1693-இல் ஓரியூரில் தலை வெட்டப்பட்ட அருளானந்தருக்கு (ஜான் டி பிரிட்டோ) இயேசு சபை துணைநின்றது. அப்படியிருந்தும், அவர் கடைப்பிடித்த உள்நாட்டு வழக்கங்களைச் சார்ந்து எழுந்த ‘மலபார் சடங்குகள்’ சர்ச்சையால் வழக்கு தாமதப்பட்டு, 1853-இல் புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான முத்திப்பேறும் 1947-இல் புனிதர் பட்டமும் வந்தன. தேவசகாயமோ மனைவியோடு வாழ்ந்த பொதுநிலையினர். திருவிதாங்கூர் அரசில் பணிபுரிந்தவர். அவருக்கென்று வாதாட ஒரு துறவற சபை இருக்கவில்லை. அவர் அடக்கம் செய்யப்பட்ட கோட்டாறே 1930-இல்தான் தனி மறைமாவட்டமானது. 2004-இல் தமிழக ஆயர்களின் பரிந்துரையோடு வழக்கு வேகம் பெற்றது. குளச்சல் போரில் சிறைப்பட்ட டச்சுத் தளபதி டிலனாயிடமிருந்து கிறிஸ்துவை அறிந்து, 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்ற அவர், அரசியல் குற்றத்துக்காக அல்லாமல் விசுவாசத்தின் மீதான வெறுப்பினாலேயே கொல்லப்பட்டார் என்பதை ஆவணங்களால் நிறுவ வேண்டியிருந்தது. பதினாறாம் பெனடிக்ட் 2012 ஜூனில் அதை ஏற்றார். அதே ஆண்டு டிசம்பர் 2-இல் நாகர்கோவிலில் முத்திப்பேறு பட்டமும், 2022 மே 15-இல் வத்திக்கானில் மேலும் ஒன்பது பேரோடு புனிதர் பட்டமும் வழங்கப்பட்டன. சாதிப் பெயர் நீக்கப்பட்டு ‘தேவசகாயம்’ என்றே அவர் அறிவிக்கப்பட்டார். திருமுழுக்குக்குப் பிறகு சாதி வேறுபாடு பாராமல் எல்லோரோடும் பழகியதற்காகவும் துன்பப்பட்டவர் என்று நினைவுகூரப்படும் ஒருவருக்கு, அது செய்யப்பட்டே ஆக வேண்டிய நீதி என்று நான் கருதுகிறேன்.

கேள்வி: புனிதர் பட்டத்துக்குப் புதுமை (அற்புதம்) கட்டாயமா? மருத்துவர்களுக்கு விளங்காததை எல்லாம் புதுமை என்று எடுத்துக்கொள்வது சரியா? (வாசகி, திருச்சிராப்பள்ளி)

பதில்: கத்தோலிக்கத் திருச்சபையின் இன்றைய நடைமுறையில் இறை ஊழியர், வணக்கத்துக்குரியவர், முத்திப்பேறு பெற்றவர், புனிதர் என்று நான்கு படிகள் உள்ளன. மறைசாட்சிகளுக்கு முத்திப்பேறு பட்டம் வரை புதுமை தேவையில்லை; உயிரைக் கொடுத்ததே சான்று. மற்றவர்களுக்கு முத்திப்பேற்றுக்கு ஒரு புதுமை வேண்டும். புனிதர் பட்டத்துக்கு, முத்திப்பேற்றுக்குப் பின் நிகழ்ந்த ஒரு புதுமை இரு சாராருக்குமே வேண்டும். இரண்டாம் யோவான் பவுல் 1983-இல் நடைமுறையைச் சீர்திருத்துவதற்கு முன் இதைவிட அதிகம் கேட்கப்பட்டது. தேவசகாயத்தின் வழக்கில் ஏற்கப்பட்ட புதுமை, 2013-இல், உயிரில்லை என்று மருத்துவர்கள் முடிவுசெய்த 24 வாரக் கரு, தாயின் செபத்துக்குப் பின் மீண்டும் அசைந்ததாகும்.

மருத்துவர் குழுவிடம் ‘இது புதுமையா?’ என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் குணம் முழுமையானதா, நிலைத்திருக்கிறதா, அளித்த சிகிச்சையால் அதை விளக்க முடியுமா என்பவையே அவர்கள் முன் வைக்கப்படும் கேள்விகள். 2016-இல் வந்த விதிகளின்படி எழுவர் கொண்ட குழுவில் குறைந்தது ஐவர் ‘விளக்க முடியாது’ என்று சொல்ல வேண்டும். அதன்பிறகு இறையியலாளர்கள், குறிப்பிட்ட புனிதரிடம் செய்த மன்றாட்டுக்கும் அந்தக் குணத்துக்கும் தொடர்பு உண்டா என்று ஆராய்வார்கள். பிறகு கர்தினால்களும் ஆயர்களும் வாக்களிப்பார்கள்; முடிவு திருத்தந்தையுடையது.

இத்தனை சல்லடைகளுக்குப் பிறகும் சர்ச்சைகள் எழுவதுண்டு. அன்னை தெரேசாவின் முத்திப்பேற்றுக்காக ஏற்கப்பட்ட, மேற்கு வங்கப் பெண்ணொருவரின் வயிற்றுக் கட்டி மறைந்த நிகழ்ச்சியில், மருந்தால்தான் குணமானது என்று மருத்துவர்கள் சிலர் வெளிப்படையாகவே மறுத்தார்கள். இத்தகைய மறுப்புகளை விசுவாசத்துக்கு எதிரான தாக்குதலாகப் பார்க்கத் தேவையில்லை. அவற்றைக் கேட்டு எடைபோடுவதற்காகத்தான் இந்த நடைமுறையே உருவாக்கப்பட்டது. ஐந்தாம் சிக்ஸ்துஸின் காலத்திலிருந்து வழக்குக்கு எதிரான வாதங்களை எடுத்துவைப்பதற்கென்றே ஓர் அதிகாரி இருந்தார். 1983-க்குப் பிறகு அந்தப் பணி பெரிதும் சுருங்கிவிட்டதை நான் இழப்பாகவே எண்ணுகிறேன்.

புதுமை கட்டாயமா என்ற முதல் கேள்விக்கு வருகிறேன். திருத்தந்தை விரும்பினால் அந்த நிபந்தனையைத் தளர்த்தலாம். கோவாவில் பிறந்து, டச்சு ஆட்சியில் இலங்கைக் கத்தோலிக்கர் ஒடுக்கப்பட்டிருந்த நாள்களில் யாழ்ப்பாணத்துக்கு மறைவாக வந்து, தமிழிலும் சிங்களத்திலும் ஊழியம் செய்து, 1711-இல் கண்டியில் உயிர்நீத்த யோசேப் வாஸ் அடிகளார் 2015 ஜனவரி 14-இல் கொழும்பில் புனிதராக அறிவிக்கப்பட்டபோது, இரண்டாவது புதுமை கேட்கப்படவில்லை. 2014-இல் இருபத்து மூன்றாம் யோவானுக்கும் அவ்வாறே.

கேள்வி: சிலைக்கு மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, முழங்காலில் நின்று வேண்டுவது ஆராதனை இல்லாமல் வேறென்ன? “தேவனுக்கும் மனுஷருக்கும் மத்தியஸ்தரும் ஒருவரே” என்று வேதம் தெளிவாகச் சொல்கிறதே? (வாசகர், பாளையங்கோட்டை)

பதில்: உங்கள் கேள்வி கூர்மையானது, 500 ஆண்டுகளாகக் கேட்கப்பட்டு வருவதும்கூட. முதலில் கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸ் சபையாரும் சொல்வதை அவர்கள் சொல்கிறபடியே தருகிறேன்.

மேலே குறிப்பிட்ட ஸ்மிர்னா சபையின் கடிதத்திலேயே இதற்கு விடை இருக்கிறது. கிறிஸ்துவை இறைமகன் என்பதால் ஆராதிக்கிறோம். மறைசாட்சிகளை அவருடைய சீடர்கள், அவரைப் பின்பற்றியவர்கள் என்பதால் அன்பு செய்கிறோம் என்று அந்த மக்கள் எழுதினார்கள். போலிகார்ப்பை ஆராதிக்கத் தொடங்கிவிடுவார்கள் என்று அன்றே ஊரில் பேச்சு எழுந்ததால்தான் இந்த விளக்கம் தேவைப்பட்டது. 787-இல் கூடிய, ஆயர்களின் பேரவையான இரண்டாம் நிசேயா பொதுச்சங்கம், ஆராதனை இறைவனுக்கு மட்டுமே உரியது என்றும், படத்துக்குச் செலுத்தும் மரியாதை அதில் வரையப்பட்டவரையே சென்றடைகிறது என்றும் தீர்ப்பளித்தது. நடைமுறையில் இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு: திருப்பலி எந்தப் புனிதருக்கும் ஒப்புக்கொடுக்கப்படுவதில்லை. அந்தோனியார் திருவிழாவில், அவர் பெயரால் கட்டப்பட்ட ஆலயத்தில், அவருடைய சுரூபத்துக்கு முன்னால் நிறைவேற்றப்படும் திருப்பலியும் தந்தையாகிய கடவுளுக்கே ஒப்புக்கொடுக்கப்படுகிறது. அந்தோனியாரின் பெயர் மன்றாட்டில் வருகிறதே தவிர, பலியைப் பெறுபவராக வருவதில்லை. உயிரோடிருக்கும் சகோதரரிடம் “எனக்காக ஜெபம்பண்ணுங்கள்” என்று கேட்பது மத்தியஸ்தர் ஒருவரே என்ற வசனத்தை மீறுவதாகாது என்றால், கிறிஸ்துவோடு வாழ்பவரிடம் அதையே கேட்பதும் மீறலாகாது என்பது அவர்கள் வாதம்.

லூத்தரன் சபையின் விடை 1530-ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் 21-ஆம் பகுதியில் உள்ளது. அதைப் படிக்காதவர்கள், புனிதர்களை நினைப்பதையே லூத்தர் வழியினர் விலக்கிவிட்டதாக எண்ணுகிறார்கள். அது உண்மையன்று. புனிதர்களின் விசுவாசத்தைப் பின்பற்றும்படி அவர்களைச் சபைக்கு முன் வைக்கலாம் என்று அந்த அறிக்கை சொல்கிறது. அவர்களை நோக்கி வேண்டும்படி வேதம் கற்பிக்கவில்லை என்பதே அதன் மறுப்பு. அதற்கு விளக்கம் எழுதிய மெலங்க்தன் புனிதர்களுக்குரிய மூன்று மரியாதைகளைக் குறிப்பிடுகிறார்: அவர்களைத் தந்ததற்காகத் தேவனுக்கு நன்றி சொல்லுதல், மறுதலித்த பேதுருவுக்கும் மன்னிப்புக் கிடைத்ததைப் பார்த்து நம் விசுவாசத்தைத் திடப்படுத்துதல், அவர்கள் வாழ்வைப் பின்பற்றுதல். பரலோகத்தில் உள்ள பரிசுத்தவான்கள் சபைக்காக ஜெபிக்கிறார்கள் என்பதைக்கூட அவர் மறுக்கவில்லை. நம் வேண்டுகோள் அவர்கள் காதில் விழுகிறது என்பதற்கு வேதத்தில் உறுதி இல்லை என்பதாலும், கிறிஸ்துவிடம் நேரே செல்லும் துணிவை இந்தப் பழக்கம் மனிதரிடமிருந்து பறித்துவிடுகிறது என்பதாலும்தான் அவர் அதை எதிர்த்தார்.

இந்த இரண்டாவது காரணத்தைக் கத்தோலிக்கர்களும் நிதானமாக எண்ணிப்பார்க்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன். ஓரியூருக்குப் போகிறவர்கள் அருளானந்தர் இரத்தம் சிந்திய இடம் என்று அங்குள்ள செம்மண்ணைப் பக்தியோடு எடுத்துவருகிறார்கள். நோயுற்ற பிள்ளையின் நெற்றியில் அதைப் பூசும் தாய், அந்த மறைசாட்சியை நினைத்து இறைவனிடம் மன்றாடுகிறாளா, அல்லது மண்ணுக்கே சக்தி இருக்கிறது என்று நம்புகிறாளா என்பது அவளுக்கு எப்படிக் கற்பிக்கப்பட்டது என்பதைப் பொறுத்தது. புனிதர்களிடம் வேண்டுவது நல்லதும் பயனுள்ளதும் என்று சொன்ன அதே திரிதெந்து பொதுச்சங்கம், 1563-இல் நடந்த அதே அமர்வில், இதில் புகுந்த மூடநம்பிக்கையையும் பண ஆசையையும் அகற்றும்படி ஆயர்களுக்குக் கட்டளையிட்டது. முதல் பாதியை மட்டும் நாம் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறோம்.

கேள்வி: பரிசுத்த பருமலைத் திருமேனியின் கல்லறைக்குக் குடும்பத்தோடு போய்வந்தோம். அவரைத் திருத்தந்தை புனிதராக அறிவிக்கவில்லை என்கிறார்கள். அப்படியானால் யார் அறிவித்தார்கள்? (வாசகி, மார்த்தாண்டம்)

பதில்: பருமலைத் திருமேனி என்று நீங்கள் சொல்லும் கீவர்கீஸ் மார் கிரிகோரியோஸ் 1848-இல் முளந்துருத்தியில் பிறந்தவர், 28 வயதிலேயே மெத்ராப்போலீத்தா (ஆயர்) ஆனதால் ‘கொச்சுத் திருமேனி’ என்று அழைக்கப்பட்டவர், 1902 நவம்பர் 2-இல் மறைந்தவர். அவரை 1947-இல் புனிதராக அறிவித்தவர் மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையின் தலைவரான கத்தோலிக்கோஸ். அந்தச் சபை ரோமாபுரியின் ஆளுகைக்கு உட்பட்டதன்று. எனவே யாரிடமும் அனுமதி கேட்க வேண்டிய நிலையும் அதற்கு இல்லை.

ஆர்த்தடாக்ஸ் மரபில் பொதுவாகவே மருத்துவர் குழுவோ, இத்தனை புதுமைகள் என்ற கணக்கோ, நான்கு படிகளோ கிடையாது. மக்கள் கல்லறையைத் தேடி வருகிறார்கள். வேண்டுதல் கேட்கப்பட்டதாகச் சாட்சி சொல்கிறார்கள். துறவிகள் அவர் வாழ்க்கையை எழுதுகிறார்கள். காலப்போக்கில் ஆயர் மன்றம் அதை ஆராய்ந்து, மக்கள் ஏற்கெனவே அறிந்திருப்பதை உறுதிப்படுத்துகிறது. கிரேக்க நாட்டு அதோஸ் மலைத் துறவி பாயிசியோஸ் 1994-இல் இறந்தார். 2015 ஜனவரியிலேயே கான்ஸ்டான்டினோபிள் மறைமுதுவர் மன்றம் அவரைப் புனிதர் பட்டியலில் சேர்த்துவிட்டது.

அறிவிக்கும் முறையைப் பார்த்தால் அகுஸ்தீனார் சொன்னது கண்முன் நடக்கிறது. ரஷ்யாவின் சாரோவ் மடத்துத் துறவி செராஃபிம் 1833-இல் இறந்தவர்; எளிய மக்கள் அவர்மேல் வைத்திருந்த பக்தி பெரிது. 1903 கோடையில், சார் மன்னர் இரண்டாம் நிக்கோலாசும் அரச குடும்பமும் பெருந்திரளான மக்களும் அங்கே கூடினார்கள். விழாவுக்கு முன்னால் செராஃபிமுக்காக இறந்தோர் மன்றாட்டு கடைசி முறையாகச் செய்யப்பட்டது. அன்று மாலை தொடங்கிய இரவு முழுவதுமான வழிபாட்டில், அதே மனிதரை நோக்கி, “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்று முதல் முறையாகப் பாடினார்கள். காலையில் யாருக்காக இரக்கம் வேண்டினார்களோ, மாலையில் அவரிடமே பரிந்துரை கேட்டார்கள். அவ்விழாவுக்கு முன் அவர் கல்லறையைத் திறந்தபோது உடல் அழியாமல் இருக்கவில்லை, எலும்புகளே எஞ்சியிருந்தன என்று தெரியவந்து சலசலப்பு எழுந்தது. உடல் அழியாதிருப்பது புனிதத்துக்கு நிபந்தனையன்று என்று பீட்டர்ஸ்பர்க் பேராயர் அந்தோனி வெளிப்படையாக எழுதி விளக்கினார். நம் பக்கத்திலும் அழியாத உடலைப் பெரிதாகப் பேசுகிறவர்கள் அந்த விளக்கத்தை அறிந்திருப்பது நல்லது.

ஆர்மீனியத் திருச்சபை சுமார் 400 ஆண்டுகளாக எவரையும் புனிதராக அறிவிக்காமல் இருந்தது. 2015 ஏப்ரல் 23 அன்று எச்மியாட்சினில், 1915-இல் தொடங்கிய இன அழிப்பில் விசுவாசத்துக்காகவும் தாய்நாட்டுக்காகவும் உயிரிழந்தவர்கள் அனைவரையும் பெயர் குறிப்பிடாமல் ஒட்டுமொத்தமாகப் புனிதர்களாக அறிவித்தது. வழிபாடு முடிந்து மணிகள் ஒலித்த நேரம், அந்த ஆண்டை நினைவூட்டும்படி மாலை 19:15. மறுநாளான ஏப்ரல் 24, ஒரு நூற்றாண்டாக அவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காகச் சபை வேண்டி வந்த நாள். அந்த ஆண்டிலிருந்து அந்த வேண்டுதல் நின்றது. இப்போது அவர்களிடம் பரிந்துரை கேட்கிறார்கள். தன் பாட்டனாரின் கல்லறை எங்கே இருக்கிறது என்றே அறியாத ஓர் ஆர்மீனியக் குடும்பத்துக்கு, அவருக்காக அழுது வேண்டிய நாள் அவரிடமே வேண்டும் நாளாக மாறியிருப்பது எத்தகைய ஆறுதல் என்பதை, போரில் உறவினரை இழந்து உடலைக்கூடக் காணாத நம் ஈழத்து வாசகர்கள் என்னைவிட நன்றாக உணர்வார்கள்.

கேள்வி: சி.எஸ்.ஐ. ஆலயங்களுக்கும் புனிதர்களின் பெயர் இருக்கிறது. எங்கள் சபையில் யாரையாவது புனிதராக அறிவிப்பதுண்டா? (வாசகர், சென்னை)

பதில்: ரோமாபுரியில் இருப்பது போன்ற நடைமுறை உங்கள் சபையில் இல்லை. ஆலயப் பெயர்கள் பெரும்பாலும் ஆங்கிலிக்கன் மரபின் வழியாக வந்தவை. 1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபை தொடங்கப்பட்டதே சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில்தான். ஆங்கிலிக்கன் சபையின் 39 கோட்பாடுகளில் 22-ஆவது, புனிதர்களை நோக்கி வேண்டுவதை வீணான கற்பனை என்றே கண்டிக்கிறது. 1649-இல் தலை வெட்டப்பட்ட முதலாம் சார்லஸ் மன்னரின் நினைவு நாளைப் பொது ஜெபப் புத்தகத்தில் சேர்த்ததைத் தவிர, சீர்திருத்தத்துக்குப் பிறகு இங்கிலாந்துத் திருச்சபை யாரையும் புனிதராக்கவில்லை எனலாம். அந்த ஆராதனையும் 1859-இல் நீக்கப்பட்டது.

ஆனால் அச்சபை நினைவு நாள்காட்டி ஒன்றை வைத்திருக்கிறது. அதில் ஜனவரி 2-ஆம் நாளில், திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்து, 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய ஆயராகி, தோர்ணக்கல்லில் ஊழியம் செய்து 1945-இல் மறைந்த வேதநாயகம் சாமுவேல் அசரியாவின் பெயர் இருக்கிறது. ஜனவரி 18-ஆம் நாள், அயர்லாந்திலிருந்து வந்து டோனாவூரில் பிள்ளைகளைக் காத்து வளர்த்த ஏமி கார்மைக்கேலுக்கு உரியது. அந்த நாள்களில் அவர்களிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. அவர்களைத் தந்ததற்காகத் தேவனுக்கு நன்றி சொல்லி ஜெபிக்கிறார்கள். தம் கல்லறைக்குக் கல் நடக்கூடாது என்று ஏமி அம்மையார் கேட்டுக்கொண்டதால், டோனாவூரில் அவரை அடக்கம் செய்த இடத்தில் பறவைகள் நீர் பருகும் கல்தொட்டி ஒன்றே இருக்கிறது. அதில் ‘அம்மா’ என்ற ஒரு சொல் பொறிக்கப்பட்டிருக்கிறது. மெலங்க்தன் சொன்ன நன்றி எப்படியிருக்கும் என்று யாராவது கேட்டால் நான் இந்தத் தொட்டியைத்தான் காட்டுவேன்.

1998-இல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தின் மேற்கு முகப்பில் 20-ஆம் நூற்றாண்டு இரத்தசாட்சிகள் பத்துப் பேரின் சிலைகள் நிறுவப்பட்டன. கத்தோலிக்கரான மாக்சிமிலியன் கோல்பே, பாப்டிஸ்டான மார்ட்டின் லூதர் கிங், லூத்தரனான போன்ஹோஃபர், ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபையின் எலிசபெத் கோமகள் ஆகியோர் அங்கே ஒரே வரிசையில் நிற்கிறார்கள். எல்சால்வடோர் பேராயர் ஆஸ்கர் ரொமேரோவின் சிலையும் அங்கே உண்டு. அவருடைய சொந்தச் சபையான ரோமாபுரி அவரைப் புனிதராக அறிவித்தது 2018-இல்தான்.

பெந்தெகொஸ்தே சபைகளில் இத்தகைய நாள்காட்டியும் இல்லை. கிறிஸ்துவை விசுவாசிக்கிற எல்லோரையும் பரிசுத்தவான்கள் என்றே பவுல் அழைத்தார் என்பதோடு அவர்கள் நின்றுவிடுகிறார்கள்.

கேள்வி: கிறிஸ்டோபர் என்ற புனிதரை வத்திக்கான் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டதாகச் சொல்கிறார்கள். என் பெயரும் அதுதான். உண்மையா? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: கவலைப்பட வேண்டாம். 1969-இல் திருவழிபாட்டு நாள்காட்டி சீர்திருத்தப்பட்டபோது, உலகம் முழுவதும் கட்டாயமாகக் கொண்டாட வேண்டிய விழாக்களின் பட்டியலிலிருந்து அவர் பெயர் எடுக்கப்பட்டது. குழந்தை இயேசுவைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடந்தவர் என்ற கதைக்கு வரலாற்று ஆதாரம் போதாது; ஆனால் அவர் விழா பழைய ரோமை மரபைச் சேர்ந்ததன்று என்பதே சொல்லப்பட்ட காரணம். மறைசாட்சிகளின் ஏட்டில் ஜூலை 25-இல் அவர் பெயர் இன்றும் இருக்கிறது. அவர் பெயரைக் கொண்ட ஆலயங்கள் விழா எடுக்கலாம். அதே ஆண்டில் எடுக்கப்பட்ட அலெக்சாந்திரியா கத்தரீனாளின் விழா 2002-இல் நாள்காட்டிக்குத் திரும்பியது.

கேள்வி: ஒரு சபை புனிதராக அறிவித்தவரை மற்றொரு சபை ஏற்றுக்கொள்வதுண்டா? ஆர்த்தடாக்ஸ் புனிதரிடம் கத்தோலிக்கர் ஒருவர் வேண்டலாமா? (வாசகி, மன்னார்)

பதில்: பிளவுகளுக்கு முன் வாழ்ந்த ஜார்ஜியார், நிக்கோலாஸ், வனத்து அந்தோனியார் போன்றோர் இரு தரப்புக்கும் பொதுவானவர்கள். பிளவுக்குப் பின் வந்தவர்களைப் பொதுவாக அந்தந்தச் சபை மட்டுமே கொண்டாடுகிறது. நம் ஊர்களில் இவ்வளவு அன்போடு அழைக்கப்படும் பதுவை அந்தோனியார் ஆர்த்தடாக்ஸ் நாள்காட்டியில் இல்லை. ஆனால் அண்மை ஆண்டுகளில் கத்தோலிக்கத் திருச்சபை இந்த எல்லையைத் தாண்டத் தொடங்கியிருக்கிறது. ஆர்மீனியத் துறவியும் கவிஞருமான நாரெக் கிரகோரியைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார்.

அதைவிடத் துணிவான முடிவு 2023 மே மாதத்தில் வந்தது. 2015 பிப்ரவரியில் லிபியாவின் கடற்கரையில் ஆரஞ்சு நிற உடை அணிவிக்கப்பட்டு, மண்டியிட வைத்துத் தலை வெட்டப்பட்ட 21 தொழிலாளர்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இருபது பேர் எகிப்தின் கோப்டிக் கிறிஸ்தவர்கள். ஒருவர் கானா நாட்டவர். வேலை தேடிக் கடல் தாண்டிப் போனவர்கள். செய்தி வந்த சில நாள்களிலேயே கோப்டிக் திருத்தந்தை இரண்டாம் தவாத்ரோஸ் அவர்களை மறைசாட்சிகளாக அறிவித்துவிட்டார். ஸ்மிர்னா மக்களைப் போலவே அவரும் விசாரணைக் குழு எதுவும் அமைக்கவில்லை. எட்டு ஆண்டுகளுக்குப் பின் அவர் வத்திக்கானுக்கு வந்து அவர்களுடைய திருப்பண்டங்களைத் திருத்தந்தை பிரான்சிஸிடம் கொடுத்தபோது, அந்த 21 பேரையும் ரோமை மறைசாட்சிகள் ஏட்டில் சேர்ப்பதாக பிரான்சிஸ் அறிவித்தார். ரோமாபுரியின் ஆளுகைக்கு வெளியே வாழ்ந்து இறந்தவர்களுக்காக, மேலே சொன்ன நான்கு படிகள் எதையும் கேட்காமல், வேறொரு சபையின் தீர்ப்பை அப்படியே தன் ஏட்டில் எழுதிக்கொண்ட முடிவு அது.

ஆகவே உங்கள் கேள்விக்கு நேரான பதில்: இந்த 21 பேரிடமும் நாரெக் கிரகோரியிடமும் கத்தோலிக்கர் வெளிப்படையாக, ஆலயத்திலேயே மன்றாடலாம், மறைசாட்சிகளின் நாள் பிப்ரவரி 15. மற்ற ஆர்த்தடாக்ஸ் புனிதர்களிடம் தனிப்பட்ட முறையில் வேண்டுவதற்குத் தடையில்லை; பொது வழிபாட்டில் அவர்கள் பெயரைச் சேர்ப்பதற்கு மட்டும் உங்கள் ஆயரிடம் கேளுங்கள்.